தற்காப்பும் துப்பாக்கியும்

எங்கள் பாட்டனார் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர். மலையடிவாரத்தை ஒட்டிய வயல்கள். பன்றி வந்து பயிரை அழிக்கிறது, வீட்டில் நெல்லும் நகையும் இருக்கின்றன என்று காரணம் காட்டி, எப்போதோ பெற்ற உரிமத்தின் பேரில் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. ஆண்டுக்கொரு முறை ஆயுத பூஜையன்று வெளியே வரும். எண்ணெய் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். மறுநாள் உள்ளே போய்விடும். துப்பாக்கி ஒரு மரப்பெட்டியில் இருந்தது. தோட்டாக்கள் நெற்குதிர் அறையில், குழந்தைகளுக்கு எட்டாத பரணில் இருந்தன. பெட்டியின் சாவி ஆச்சியின் இடுப்பில் இருந்தது.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு நள்ளிரவில் கொல்லைப்புறத்தில் பாத்திரம் உருளும் ஓசை கேட்டு வீடே விழித்துக்கொண்டது. தாத்தா துப்பாக்கியைக் கேட்டார். ஆச்சி சாவியைத் தேடி அவிழ்த்துக் கொடுத்தாள். பெட்டி திறந்தது. பரணுக்கு ஏணி வைக்க வேண்டியிருந்தது. தோட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு தாத்தா கொல்லைக் கதவைத் திறந்தபோது, கள்வனும் இல்லை, வெந்நீர் அண்டாவும் இல்லை. வானத்தை நோக்கி ஒரு வேட்டு வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். ஊர் நாய்கள் விடியும்வரை குரைத்தன.

இக்கதையை எங்கள் குடும்பத்தில் நகைச்சுவையாகவே சொல்வார்கள். ஆனால் மத்திய அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக அமர்ந்து, சட்டங்களையும் விதிகளையும் தமிழில் பெயர்க்கும் தொழிலை மேற்கொண்ட பிறகு, அந்த இரவைப் பற்றிய என் எண்ணம் மாறியது. துப்பாக்கியையும் தோட்டாவையும் சாவியையும் மூன்று இடங்களில் வைத்திருந்ததனால் அது எங்களைக் கள்வனிடமிருந்து காக்கவில்லை. அவ்வாறு வைத்திராவிடில் அது எங்களை என்ன செய்திருக்கும் என்பதே கேள்வி. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது காவலா, கேடா என்னும் இக்கேள்வியை நம் நாடு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக வெவ்வேறு உருவில் கேட்டு வந்திருக்கிறது.

தென்னாட்டில் இக்கதை 1801-ஆம் ஆண்டில் தொடங்குகிறது எனலாம். அதற்கு முன் ஊர்க்காவல் என்பது ஊராரின் பொறுப்பு. காவற்காரர்கள் குடிகளிடம் காவற்கூலி பெற்றார்கள். களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். பாளையக்காரர்கள் தத்தம் எல்லைக்குள் ஆயுதந்தாங்கிய ஆட்களைக் கொண்டிருந்தனர். இதில் கொடுமைகளும் இருந்தன. காவலுக்குக் கூலி கொடாதவன் வீட்டிலேயே களவு நிகழ்வதும் உண்டு. ஆயினும் ஆயுதமும் காவற்கடமையும் ஒரே கையில் இருந்தன. மருது சகோதரர்கள் 1801 அக்டோபரிலும், ஊமைத்துரை அடுத்த மாதத்திலும் தூக்கிலிடப்பட்டபின், அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் சென்னைக் கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரரும் அவர்தம் ஆட்களும் ஆயுதந்தாங்குவது தடைசெய்யப்பட்டது, கோட்டைகள் தகர்க்கப்பட்டன. ஆயுதத்தை எடுத்துக்கொண்ட அரசு காவற்பொறுப்பையும் எடுத்துக்கொண்டதாகச் சொல்லிற்று. ஆனால் சென்னை மாகாணத்தில் முறையான போலீஸ் அமைப்புக்குச் சட்டம் வந்தது 1859-ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில் குடிகள் எப்படி இருந்தார்கள் என்பதைச் சரித்திர நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

வடநாட்டில் இதே காரியம் இன்னும் பெரிய அளவில் 1857-ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் நடந்தது. அயோத்தி மாகாணத்தில் 1858, 1859 ஆகிய ஆண்டுகளில் கானிங் பிரபுவின் அரசாங்கம் வீடுவீடாக ஆயுதம் பறித்தது. பீரங்கிகள் 600-க்கு மேல். துப்பாக்கிகள் 1,80,000-க்கு மேல். வாள்கள் 5 லட்சத்துக்கு மேல். தகர்க்கப்பட்ட கோட்டைகள் 1,500-க்கு மேல். ஒரே ஒரு மாகாணத்தில் சேர்ந்த குவியல் இது. இந்த எண்களைப் படிக்கும்போது, ஆயுதமில்லாத சாதுவான தேசமென்று நம்மைப் பற்றி நாமே பிற்காலத்தில் சொல்லிக்கொண்ட கதை எவ்வளவு புதியது என்பது விளங்கும்.

இவற்றுக்கெல்லாம் முடிவுரைபோல வந்தது 1878-ஆம் ஆண்டின் பதினோராவது சட்டமாகிய இந்திய ஆயுதச் சட்டம். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலம். நாட்டுமொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில் அதே கையால் இயற்றப்பட்டது. உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பது குற்றம் என்றது ஆயுதச் சட்டம். இதில் புதுமை ஒன்றுமில்லை. அயலரசு எதுவும் அப்படித்தான் செய்யும். ஆனால் அதன்கீழ் செய்த விதிகள் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்களித்தன. பட்டம் பெற்ற சில பெருமக்களுக்கும் விலக்கு உண்டு. ஏனைய இந்தியன் ஒருவன், தன் வயலில் புகும் பன்றியை விரட்டவும் ஜில்லா அதிகாரியின் முன் கைகட்டி நிற்க வேண்டும். அதே ஊரில் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாதுகாப்பு என்னும் பெயரில் வந்த சட்டம், யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு என்பதை இவ்விதம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

எனவே இச்சட்டத்தை எதிர்ப்பது தன்மானப் பிரச்சினையாயிற்று. காங்கிரஸ் மகாசபையின் மூன்றாவது கூட்டம் 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னையில் கூடியபோது, ஆயுதச் சட்டத்தைத் திருத்துமாறு ஒரு தீர்மானம் நிறைவேறியது. இச்சட்டம் குடிகளின் விசுவாசத்தின்மீது வீண்பழி சுமத்துகிறது என்பது அதன் சாரம். வங்காளத்திலிருந்து வந்திருந்த பிபின் சந்திர பாலர், அப்போது முப்பது வயதுகூட நிரம்பாதவர், சட்டத்தை நீக்க வேண்டுமென்று முழங்கினார். காட்டு விலங்குகளால் மடியும் மக்கள், கொள்ளைக்காரருக்கு அஞ்சும் கிராமங்கள் என்று எடுத்துக்காட்டுகளும் அக்காலத்தில் அடுக்கப்பட்டன. அந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்றைமட்டும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். விலங்குகளாலும் பாம்புகளாலும் மாண்டோரின் கணக்கை அரசாங்கம் ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தது. அதில் மிகப் பெரும்பகுதி பாம்புக்கடியே. பாம்புக்குத் துப்பாக்கி என்ன செய்யும்? ஆனால் மேடையில் அந்த வினாவை எவரும் எழுப்பமாட்டார்கள். அப்போது பேச்சு துப்பாக்கியின் பயனைப் பற்றியதன்று. அதை மறுத்ததிலிருந்த அவமானத்தைப் பற்றியது.

அகிம்சையின் ஆசானாகிய காந்தியடிகளும் இவ்வரிசையில் நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கும். 1918-ஆம் ஆண்டில் கேடா ஜில்லாவில் போருக்கு ஆள் திரட்டியபோது வெளியிட்ட துண்டறிக்கையில், ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய அச்சட்டம் பிரிட்டிஷ் ஆட்சியின் தீச்செயல்களுள் மிகக் கரியது என்ற கருத்தை அவர் வெளியிட்டார். தம் சுயசரிதையிலும் அதை மறைக்காமல் எழுதினார். 1930 ஜனவரியில் இர்வின் பிரபுவின் முன் அவர் வைத்த பதினொரு கோரிக்கைகளில் கடைசியானது, மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பது. உப்பு வரியை நினைவில் வைத்திருக்கும் நாம் இதை மறந்துவிட்டோம். அடுத்த ஆண்டு கராச்சியில் நிறைவேறிய அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. ஆனால் இரு வாசகங்களிலும் ஒரு வரம்பு கூடவே வருகிறது. கட்டுப்பாடு வேண்டாமென்று அவர்கள் கேட்கவில்லை. கட்டுப்படுத்துகிறவன் நம்மவனாக இருக்கட்டும் என்றுதான் கேட்டார்கள். விதிகளிலிருந்த இனபேதம் முதல் உலகப் போருக்குப் பின்னர் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் சட்டம் அப்படியே இருந்தது.

சுதந்திரம் வந்தபின் உண்மையான சோதனை வந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பர் முதல் வாரத்தில் குடிமகனின் சுதந்திரங்களைப் பற்றிய விவாதம் நடந்தபோது, எச். வி. காமத் எழுந்து ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். கராச்சித் தீர்மானத்தின் நேர்வழித் திருத்தம் அது. டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஆயுதந்தாங்குவதைத் தனிமனிதனின் உரிமையாகப் பேசுவதைவிட, நாட்டுக்கு ஆபத்து நேரும்போது ஆயுதந்தாங்க வேண்டிய கடமையைப் பற்றியே பேச வேண்டும் என்றார். அதை அடிப்படை உரிமையாக்கிவிட்டால், கள்வனும் கொள்ளைக்காரனும்கூட அதே உரிமையைக் கோரி நிற்பான் என்றும் கூறினார். திருத்தம் தோற்றது. இன்று நம் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவில், குடிமக்கள் அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடலாம் என்ற வாசகம்தான் நிற்கிறது. ஆயுதம் என்னும் சொல் அங்கே விலக்கப்படும் பொருளாகவே வருகிறது.

இதைக் காங்கிரஸ் கொள்கையைக் கைவிட்டது என்று பழிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1887-இல் கேட்ட கேள்வி, வெள்ளையனுக்கு உள்ளது எனக்கு ஏன் இல்லை என்பது. 1948-இல் கேட்ட கேள்வி, என் அண்டைவீட்டானுக்கு அது இருந்தால் எனக்கு நல்லதா என்பது. டில்லித் தெருக்களில் முந்தைய ஆண்டு ஓடிய இரத்தம் அப்போது உலரவில்லை. வீட்டில் வாள் வைத்திருந்தோர் என்ன செய்தார்கள், வாள் இல்லாதோர் என்ன ஆனார்கள் என்னும் இரண்டையும் அச்சபையில் அமர்ந்திருந்தவர்கள் கண்டிருந்தார்கள்.

பழைய சட்டத்தை நீக்கி 1959-ஆம் ஆண்டில் ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது; 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் நோக்கவுரையே ஒரு முரண்பாட்டை ஒப்புக்கொள்கிறது. சட்டத்துக்கு அடங்கி நடக்கும் குடிமகன் தற்காப்புக்குத் துப்பாக்கி பெறுவது கடினமாயிருக்கிறது. கொள்ளையரோ தாராளமாக ஆயுதம் வைத்திருக்கிறார்கள் என்று அது கூறுகிறது. ஆகையால் காப்புக்கென்று குட்டைக்குழல் அல்லாத சாதாரண வேட்டைத் துப்பாக்கியையும், பயிர்க்காவலுக்கென்று வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் கேட்பவருக்கு உரிமம் வழங்கச் சட்டம் வழிசெய்கிறது. ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற வரம்பு 1983-இல் மூன்றாக இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. கலியாண ஊர்வலங்களில் மகிழ்ச்சிக்காகச் சுட்டு, மணப்பந்தலிலேயே பிணம் விழும் வடநாட்டு வழக்கத்துக்கும் அத்திருத்தம் இரண்டாண்டுச் சிறை வரை தண்டனை விதித்தது. தற்காப்புக்கென்று உரிமம் பெற்ற துப்பாக்கி அதிகம் வெளிவருவது எங்கே என்பதை அந்த ஒரு ஷரத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உரிமங்களின் பரவலும் கவனிக்கத்தக்கது. 2016-ஆம் ஆண்டு முடிவில் நாட்டில் ஏறத்தாழ 34 லட்சம் உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12 லட்சத்துக்கு மேல் உத்தரப்பிரதேசத்தில் மட்டும். 1858-இல் எந்த மண்ணில் துப்பாக்கிகளை வண்டிவண்டியாக அள்ளிச் சென்றார்களோ அந்த மண்ணும் இதில் அடக்கம். தேர்தல் வந்தால் உரிமம் பெற்றோர் பலர் தம் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளும்படி உத்தரவாகிறது. மற்ற நாளில் வீட்டுக்குக் காவல் என்று கருதப்படும் பொருள், தேர்தல் நாளில் ஊருக்கு ஆபத்து என்று கருதப்படுகிறது. இரண்டும் உண்மையே என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

இனி, தற்காப்பு என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தற்காப்புரிமையை விரிவாக வகுத்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவும் அதை ஏறக்குறைய அவ்வாறே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உயிரையும் உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அரசாங்கத்தின் உதவியை நாட அவகாசம் இருக்கும்போது அவ்வுரிமை இல்லை. காப்புக்கு வேண்டிய அளவுக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. இரவில் வீட்டை உடைத்துப் புகுபவன், கொள்ளையடிப்பவன், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவன் ஆகியோர் விஷயத்தில் உயிர்போக்கும் அளவுக்கும் உரிமை நீள்கிறது. உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேருமென்ற அச்சம் தோன்றாத வெறுங்களவுக்கு அப்படி நீள்வதில்லை. வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டி ஓடுகிறவன் முதுகில் என் பாட்டனார் சுட்டிருந்தால், அவர் கூண்டில் ஏறியிருப்பார். இத்தனை நுணுக்கங்களையும் நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், இருட்டில், நெஞ்சு படபடக்க ஒருவர் ஆராய்ந்து முடிக்க வேண்டும். நீதிபதிகள் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் முடிவு அது.

இந்திய நாட்டிலேயே உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் ஒரு சமூகம் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். குடகு நாடு 1834-இல் பிரிட்டிஷார் வசமாயிற்று. 1857-இல் அங்கே கலகம் எழவில்லை. அதற்குக் கைம்மாறாக 1861-ஆம் ஆண்டில் தலைமைக் கமிஷனர் மார்க் கப்பன், குடகரை ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து விலக்கி ஆணையிட்டார். அவ்விலக்கு 1878-இல் தொடர்ந்தது. சுதந்திர இந்தியாவின் சட்டத்தின் கீழ் 1963-இல் மீண்டும் வழங்கப்பட்டது. 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு, அதாவது 2029 வரை, நீட்டிக்கப்பட்டது. குடக இனத்தவரும் ஜம்மா என்னும் நிலவுரிமை உடையோரும் அதைப் பெறுகிறார்கள். முற்காலத்தில் போர்ப்பணிக்கு ஈடாகக் குறைந்த தீர்வையில் வழங்கிய நிலம் ஜம்மா. ஆண்குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, இறப்பு நேர்ந்தால் இரண்டு வேட்டு. வேட்டொலியைக் கேட்டே அடுத்த மலைச்சரிவிலுள்ளவர்கள் செய்தியை அறிந்துகொள்வார்கள். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கைல்போது என்னும் விழாவில் துப்பாக்கிக்கு மலர் சூட்டி வழிபடுகிறார்கள். ஒரு சாராருக்கு மட்டும் இவ்விலக்கு ஏன் என்று கேட்டுத் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டில் தள்ளுபடி செய்தது.

துப்பாக்கி வைத்துக்கொள்வதை ஆதரிப்போர் குடகைச் சுட்டிக்காட்டுவார்கள். அவர்கள் வாதத்தைப் புறக்கணிக்க முடியாது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தும் அம்மலைநாடு சண்டைக்காடாக மாறவில்லை. ஆனால் அங்கே துப்பாக்கி எதன் நடுவே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது குலத்தின் பொதுச்சொத்துப் போன்றது. பெரியவர்களின் கண்காணிப்பில், சடங்கின் கட்டுப்பாட்டில், தலைமுறைப் பழக்கத்தில் அது இயங்குகிறது. அந்தப் பெரியவரும் அந்தச் சடங்கும் இல்லாத நகரத்து அடுக்குமாடி வீட்டுக்குத் துப்பாக்கியை மட்டும் தனியே பெயர்த்துக் கொண்டுவர முடியுமா? மொழிபெயர்ப்பில் எங்களுக்குத் தினந்தோறும் நேரும் தொல்லை இது. சொல்லைக் கொண்டுவந்துவிடலாம்; அது வேரூன்றிய இடத்தைக் கொண்டுவர முடியாது.

ஆபத்தையும் பயனையும் எண்ணிப் பார்க்கும் முயற்சி அமெரிக்காவில்தான் முறையாக நடந்திருக்கிறது. சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டி என்னும் வட்டாரத்தில் 1978 முதல் 1983 வரை ஆறாண்டுகளில் துப்பாக்கியால் நேர்ந்த 743 சாவுகளை ஆர்தர் கெல்லர்மன், டொனால்டு ரே என்னும் மருத்துவர் இருவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டார்கள். அவற்றுள் 398 சாவுகள், துப்பாக்கி வைக்கப்பட்டிருந்த வீட்டிலேயே நிகழ்ந்தவை. அந்த 398-இல் உள்ளே புக முயன்ற அந்நியன் சுடப்பட்டது இரண்டே தடவை. மற்றத் தற்காப்பு நிகழ்ச்சிகளையும் சேர்த்தால் ஒன்பது. கைதவறிச் சுட்டதில் மாண்டோர் 12 பேர். குற்றமாகக் கருதத்தக்க கொலைகள் 41. தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தவர்கள் 333 பேர்.

இக்கணக்கை எதிர்த்தவர்களும் உண்டு. அவர்கள் சொன்னது வெறும் வாதமன்று. கள்வன் செத்தால்தானா காவல்? துப்பாக்கியைக் கண்டு ஓடியவன் இப்பட்டியலில் வரமாட்டானே என்றார்கள். உண்மைதான். ஆனால் அப்படி ஓடியவர்களை எண்ண முற்பட்டபோது, ஓர் ஆய்வு ஆண்டுக்கு 25 லட்சம் என்றது. அரசாங்கத்தின் கணக்கெடுப்பு ஒரு லட்சத்தை ஒட்டியே நின்றது. பிறகு கலிபோர்னியா மாநிலத்தில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பன்னிரண்டாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 2020-இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி உடைய ஆண்கள் தற்கொலையால் இறக்கும் வீதம் மற்ற ஆண்களைவிட மூன்று மடங்குக்கு மேல். பெண்களிடையே ஏழு மடங்கு. தாம் துப்பாக்கி வாங்காமல், துப்பாக்கி உடையவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 2022-இல் வந்தது. அவர்கள் கொலையுண்ணும் வீதம் இரு மடங்குக்கு மேல். வீட்டுக்குள்ளேயே வாழ்க்கைத்துணையால் சுடப்பட்டு இறக்கும் வீதமோ ஏழு மடங்கு; அப்படி இறந்தோரில் 84 விழுக்காட்டினர் பெண்கள். துப்பாக்கி யாரைக் காக்க வாங்கப்பட்டது என்று கேட்டால், பெரும்பாலும் அந்தப் பெண்களைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அயல்நாட்டுக் கணக்கை நம் வீட்டில் அப்படியே வைத்து அளக்கலாகாது. இங்கே துப்பாக்கியால் செய்யும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமமற்ற கள்ளத் துப்பாக்கிகளால் செய்யப்படுகின்றன. தம்மை மாய்த்துக்கொள்வோர் கையில் அகப்படுவதும் துப்பாக்கியன்று, பூச்சிமருந்துப் புட்டி. ஆனால் அதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1995-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக விலக்கியபோது, அந்நாட்டில் தற்கொலைச் சாவுகள் பின்வந்த இருபதாண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தன. மனத்துயரம் குறைந்துவிட்டதென்று யாரும் சொல்லவில்லை. துயரம் உச்சத்தை எட்டும் அந்த அரைமணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. ஏணி போட்டு எடுக்க வேண்டிய இடத்தில் இருக்கும் பொருளுக்கும் தலையணைக்கடியில் இருக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு அது.

இதிலுள்ள சிக்கலை இனி ஒளிக்க முடியாது. கள்வனுக்கு எதிராகத் துப்பாக்கி பயன்பட வேண்டுமானால் அது தோட்டாவோடு கையருகில் இருக்க வேண்டும். குழந்தைக்கும் குடிகாரனுக்கும் கோபக்காரனுக்கும் எட்டாமல் இருக்க வேண்டுமானால், தோட்டா வேறாக, பூட்டுக்குள் இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பாதுகாப்பாக வைத்தலையும் பயிற்சியையும் வற்புறுத்துகின்றன. நல்ல விதிகள்தாம். ஆனால் விதிப்படி வைத்த துப்பாக்கி நள்ளிரவில் எங்கள் தாத்தாவுக்குப் பயன்பட்ட அளவுக்கே பயன்படும். இவ்விரண்டையும் ஒருங்கே தரும் வழியை நான் எந்தச் சட்டத்திலும் படித்ததில்லை. போலீஸ் நிலையம் முப்பது மைல் தொலைவில் இருக்கும் தனி வீட்டுக்காரர், பகையால் ஏற்கெனவே உயிருக்கு அஞ்சி வாழ்பவர், யானையும் பன்றியும் இறங்கும் காட்டோரக் குடியானவர் ஆகியோருக்குத் தராசு வேறுவிதமாகச் சாயக்கூடும். சட்டம் அவர்களுக்கு வழிவிட்டிருப்பது முறையே. ஏனையோர் கணக்கில், வெளியிலிருந்து வருபவன் அரிதாக வருகிறான். வீட்டுக்குள் கோபமும் துயரமும் எப்போதும் குடியிருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டிலும் அது நடந்தது. கள்வன் வந்ததற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பாகப்பிரிவினைப் பேச்சு. பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாய்ச்சண்டை முற்றி, ஒருவர் மற்றவர் மேல் பாயும் நிலை வந்தது. மரப்பெட்டி இருந்த அறையை நோக்கிச் சித்தப்பா இரண்டடி எடுத்து வைத்ததாகச் சிலர் சொல்வார்கள். அவர் தண்ணீர் குடிக்கத்தான் போனார் என்று வேறு சிலர் சொல்வார்கள். ஆச்சி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து, என் கையில் கொடுத்து, கீழத்தெரு டீச்சர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றாள். நான் ஓடினேன். சாவி அங்கே ஒன்பது நாள் இருந்தது.

தாத்தா காலமான பிறகு அவர் பெயரிலிருந்த உரிமம் அவரோடு முடிந்தது. பிள்ளைகளில் யார் பெயருக்காவது மாற்றிக்கொள்ள மனுச் செய்யலாமென்று கிராம அதிகாரி சொன்னார். பெரியப்பாவும் சித்தப்பாவும் அந்த ஒரு விஷயத்தில் ஒருமித்து, இருவருமாகத் துப்பாக்கியை ஒரு பழைய வேட்டியில் சுற்றிப் பேருந்தில் எடுத்துச் சென்று போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். ரசீதை ஆச்சி அந்த மரப்பெட்டியிலேயே வைத்துப் பூட்டினாள். சாவியை அதன் பிறகும் அவள் இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.